மறைத்து வைத்த ஏழு மாதங்கள்



பெண்கள் தமக்குள்ளே கூடக் காதோடு காதாகப் பேசத் தயங்கும் ஒரு செய்தியை இந்தக் குடும்ப ஏட்டில் எழுதத் துணிந்திருக்கின்றேன். வீட்டிலுள்ள ஆண்களும் வளர்ந்த பிள்ளைகளும் புரட்டும் ஏடாயிற்றே என்ற கூச்சம் என்னை நெடுநாள் தடுத்தது. என் லாத்தாதான், "நீ எழுதாம இருந்தா, உன்னை மாதிரியே இன்னொருத்தி எங்கேயோ மறைச்சுக்கிட்டு இருப்பா. அவளுக்காக எழுது" என்றார். ஆகவே எழுதுகின்றேன். ஆண்கள் படித்தாலும் குற்றமில்லை. படிப்பது நலம் என்றே இப்போது எண்ணுகின்றேன்.

எனக்கு அப்போது வயது 43. கணவர் அரபு நாட்டில் வேலை பார்க்கின்றார். ஈராண்டுக்கு ஒரு முறை இரண்டு மாத விடுமுறையில் ஊருக்கு வருவார். 2022-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அவர் வந்திருந்தபோது, தாம்பத்திய உறவுக்குப் பின் எனக்கு இரத்தம் கண்டது. மாதவிலக்கு முடிந்து குளித்துப் பத்து நாட்கள்தாம் ஆகியிருந்தன. வலி இல்லை, காய்ச்சல் இல்லை. கருஞ்சிவப்பாகச் சில துளிகள், அவ்வளவே. அவருக்குத் தெரியாமல் துணியை அலசிப் போட்டுவிட்டு வந்து படுத்தேன். உறக்கம் வரவில்லை.

அவர் பயணம் புறப்பட்டுப் போன பின்பும் அது நிற்கவில்லை. தண்ணீர் வாளியைத் தூக்கினால் வரும். மாடிப்படி ஏறி இறங்கினால் வரும். சில மாதங்களில் இரண்டு மாதவிலக்குகளுக்கு நடுவே நான்கைந்து நாட்கள் தொடர்ந்து வரும். "நாற்பதைத் தாண்டினால் இப்படித்தான். நிற்கப் போகிற காலம்" என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக் கொண்டேன். நாட்டு மருந்துக் கடையில், "உடம்புச் சூட்டுக்கு" என்று பொய் சொல்லிக் கஷாயச் சரக்கு வாங்கிக் காய்ச்சிக் குடித்தேன். கசந்ததே தவிர வேறு பயன் ஒன்றும் இல்லை.

சாச்சியின் கட்டிலருகே

சகோதரிகளே! நான் ஒன்றும் அறியாதவளாக இருந்து மறைத்தேன் என்று எண்ணிவிடாதீர்கள். எல்லாம் அறிந்துதான் மறைத்தேன்.

என் உம்மாவின் தங்கை, என்னை மடியில் போட்டு வளர்த்த சாச்சி, 2009-ஆம் ஆண்டு கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் மௌத்தானார். அப்போது அவருக்கு 51 வயது. துர்நாற்றத்துடன் கூடிய வெள்ளைப்பாட்டை அவர் ஓராண்டுக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அத்தர் பூசி மறைத்தார். விருந்து வீடுகளுக்குப் போவதை நிறுத்தினார். காரணம் கேட்டவர்களிடம், "மேலுக்குச் சரியில்லை" என்று மட்டும் சொன்னார். இடுப்பெலும்புவரை நோய் பரவிய பிறகுதான் மருத்துவரிடம் கொண்டு போனோம். "ஏம்மா இவ்வளவு நாள் வரலை?" என்று அந்த மருத்துவர் கேட்டபோது, சாச்சி தலையைக் குனிந்து கொண்டு, "வெட்கமா இருந்துச்சு" என்றார். அந்த ஒரு சொல்லை நான் இன்னும் மறக்கவில்லை.

அந்தக் கட்டிலருகே இரவுகளில் உட்கார்ந்திருந்தவள் நான். உறவுக்குப் பின் இரத்தம் படுவது எதன் அடையாளமாக இருக்கக் கூடும் என்பதை அங்கேதான் கேட்டுத் தெரிந்து கொண்டேன். ஆகவே எனக்கு முதல் துளி கண்ட இரவிலேயே என் உள்ளம் தீர்ப்பு எழுதிவிட்டது: 'சாச்சிக்கு வந்ததுதான் உனக்கும் வந்திருக்கிறது.'

அறிந்தவள் அடுத்த நாளே மருத்துவரிடம் ஓடியிருக்க வேண்டும் அல்லவா? நான் ஓடவில்லை. சொல்லாத வரையில் அது நோயாகாது என்பது போல ஒரு மயக்கம். மகள் கல்லூரியில் இரண்டாமாண்டு படித்துக் கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சம்பந்தம் பேசும் வரையிலாவது போகட்டும் என்று நாட்களைத் தள்ளினேன். வெட்கம் சாச்சியைத் தடுத்தது. என்னைத் தடுத்தது அச்சம். இரண்டும் கொண்டு போய்ச் சேர்க்கும் இடம் ஒன்றுதான்.

இதில் இன்னொரு கேடும் விளைந்தது. அவர் தொலைபேசியில் பேசும்போதெல்லாம் நான் சுருக்கமாகப் பேசி முடித்துக் கொண்டேன். "பெருநாளைக்கு ஒரு மாசம் லீவு கேட்டுப் பார்க்கட்டுமா?" என்று ஆவலோடு கேட்டவரிடம், "வேண்டாம் மச்சான், டிக்கெட்டுக்குக் காசு வீண்" என்று சொல்லிவிட்டேன். மறுமுனையில் ஒரு மௌனம். அந்த மௌனத்தின் பொருளைப் பின்னால்தான் அறிந்தேன்.

தராவீஹில் காலியான இடம்

2023-ஆம் ஆண்டு ரமலான். எங்கள் தெருப் பெண்கள் தைக்காவில் கூடித் தராவீஹ் தொழுவது வழக்கம். லாத்தாவுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் என் இடம். நோன்பின் முதல் வாரத்தில் மாதவிலக்கு என்று நான் போகவில்லை. குளித்துவிட்டுச் சில இரவுகள் போனேன். மீண்டும் இரத்தம் கண்டது, மீண்டும் நின்றுவிட்டேன். பதினேழாம் இரவு தராவீஹ் முடிந்ததும் லாத்தா நேரே என் வீட்டுக்கு வந்து, அடுக்களையில் என் எதிரே உட்கார்ந்தார்.

"இந்த மாசத்துல உனக்குத் தொழுகை இல்லைன்னு இது எத்தனாவது தடவை?"

நான் பதில் சொல்லவில்லை.

"முகத்துல இரத்தமே இல்லை. கை நகமெல்லாம் வெளுத்துக் கிடக்கு. சாச்சியும் இப்படித்தான் சுவரைப் பார்த்துக்கிட்டு நின்னாங்க. என்கிட்டச் சொல்லு புள்ள."

ஏழு மாதங்களாக அடைத்து வைத்திருந்தது உடைந்தது. அழுது முடித்து எல்லாவற்றையும் சொன்னேன். லாத்தா என்னைத் திட்டவில்லை. "நாளைக்குக் காலையில போறோம்" என்று மட்டும் சொன்னார்.

அருகிலுள்ள நகரத்தில் ஒரு தனியார் மருத்துவமனைக்குப் போனோம். அங்கிருந்த மருத்துவர் கருவி வைத்துப் பார்த்த உடனேயே இரத்தம் பெருகியது. பஞ்சை வைத்து அடைத்துவிட்டு, "கர்ப்பப்பை வாயில் கட்டி இருக்கு. பிள்ளை பெற்றாச்சு, வயசும் ஆச்சு. இந்த வாரமே கர்ப்பப்பையை எடுத்திடலாம்" என்றார். லாத்தா மெதுவாகக் கேட்டார்: "டாக்டரம்மா, கட்டி இன்னதுன்னு தெரியாமலேயா?" அதற்கு அவர், "எடுத்த பிறகு தெரியும்" என்றார்.

சகோதரிகளே! ஆயுதம் எடுக்கும் முன் நோய் இன்னதென்று கேட்பது நோயாளியின் உரிமை. கட்டி புற்றாக இருந்தால் அதற்கு வேறு வகை அறுவை அல்லது கதிர்வீச்சு தேவைப்படலாம். புற்றாக இல்லாவிட்டால் கர்ப்பப்பையை இழக்கத் தேவையே இல்லாமல் போகலாம். எப்படிப் பார்த்தாலும் சோதனை முந்த வேண்டும். படிப்பு அதிகமில்லாத என் லாத்தாவுக்கு இது புரிந்தது. அச்சத்தில் இருந்த எனக்குப் புரியவில்லை. "இன்றைக்கே எடுத்துவிடுங்கள்" என்று சொல்லத்தான் நான் வாயெடுத்தேன். லாத்தா என் கையைப் பிடித்து எழுப்பி அழைத்து வந்துவிட்டார்.

நாவற்பழ நிறத்தில் ஒரு முடிச்சு

திருநெல்வேலியில் ஒரு மூத்த பெண் மருத்துவரிடம் சென்றோம். அவர் முதலில் என்னை உட்கார வைத்துப் பேசினார். எப்போது தொடங்கியது, எதற்குப் பின் வருகிறது, எத்தனை நாள் நிற்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்டு எழுதிக் கொண்டார். லாத்தா உடன் இருக்கலாம் என்றார். பிறகுதான் பரிசோதனை.

கர்ப்பப்பையின் கீழ்க் கழுத்துப் பகுதியையே கர்ப்பப்பை வாய் என்கின்றோம். அதன் செல்களைச் சிறு தூரிகையால் தடவி எடுத்து ஆய்வுக்கு அனுப்பினார். இதற்குப் பாப் சோதனை என்று பெயர். இதனை உருவாக்கிய மருத்துவர் பாப்பனிக்கோலாவின் பெயரைச் சுருக்கி வைத்தது அது. பின்னர், கால்போஸ்கோப் எனும் உருப்பெருக்கிக் கருவியால் அந்த இடத்தைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"நாவற்பழம் மாதிரி நீலஞ்சிவப்பா ஒரு புடைப்பு இருக்கும்மா. லேசா அழுத்தினா வெளிறுது. விட்டா மறுபடி நிறம் வருது. இரத்தக் குழாய்களே கூடி ஒரு முடிச்சா வளர்ந்த மாதிரி தெரியுது. இது ரொம்ப அபூர்வம். இந்த மாதிரிக் கட்டியில இங்கேயே ஒரு துண்டு கிள்ளி எடுத்தா இரத்தப்போக்கு கட்டுக்கு அடங்காமப் போகலாம். அதனால அவசரப்படப் போறதில்லை."

"புற்று இல்லையே டாக்டர்?" என்று நடுங்கிக் கேட்டேன்.

"பார்த்தா அப்படித் தெரியலை. ஆனா கண்ணால பார்த்து நான் சத்தியம் பண்ண மாட்டேன். அதைச் சொல்ல வேண்டியது நுண்ணோக்கி" என்றார்.

பொய்யான ஆறுதல் சொல்லாத அந்த நேர்மையே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

இரத்த ஓட்டத்தை நிறங்களாகக் காட்டும் டாப்ளர் ஸ்கேனும், எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் எடுத்தார்கள். முடிச்சு ஒன்றரை சென்டிமீட்டர் அளவில், கர்ப்பப்பை வாயின் முன் உதட்டில், மேலாகவே இருக்கிறது. ஆழத்தில் வேர் விடவில்லை என்று தெரிந்தது. என் இரத்தத்தில் ஹீமோகுளோபின் 8.2 கிராம்தான் இருந்தது. பெண்களுக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும். துளித் துளியாகப் போனதுதானே என்று நான் அலட்சியம் செய்த இரத்தம் ஏழு மாதங்களில் என்னை அந்த நிலைக்குக் கொண்டு வந்திருந்தது. இரும்புச் சத்து மருந்தை ஊசி மூலம் ஏற்றி, சற்றுத் தேறிய பிறகு அறுவை என்று முடிவாயிற்று.

அறுவைக்கு முதல் நாள் இரவு கணவருக்குத் தொலைபேசியில் எல்லாவற்றையும் சொன்னேன். வெகுநேரம் அவர் பேசவில்லை. பிறகு, "பெருநாளைக்கு வர வேண்டாம்னு நீ சொன்னப்ப, என் மேல உனக்கு வெறுப்பு வந்திருச்சுன்னு நெனச்சேன். நாலு மாசமா அதைத்தான் நெனச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றுதான் கேட்டேன். என் நோயை மறைத்ததாக எண்ணிக் கொண்டிருந்தேன். என் அன்பையும் சேர்த்தல்லவா மறைத்திருக்கின்றேன்!

2023 மே மாதம் அறுவை நடந்தது. இரத்த வங்கியில் என் இரத்தப் பிரிவில் இரண்டு பை இரத்தத்தை ஆயத்தமாக வைத்துக் கொண்டு, மயக்க மருந்து கொடுத்து, மின்சாரம் பாயும் மெல்லிய கம்பி வளையத்தால் அந்த முடிச்சை முழுமையாக வெட்டி எடுத்தார்கள். நோயை ஆய்வதற்கான துண்டும் அதுவே, சிகிச்சையும் அதுவே. அல்லாஹ்வின் அருளால் இரத்தம் ஏற்றும் தேவை வரவில்லை. கர்ப்பப்பை அதன் இடத்திலேயே இருக்கின்றது. மறுநாள் வீடு திரும்பினேன்.

ஆய்வு முடிவுக்குப் பத்து நாட்கள் காத்திருந்தோம். 'அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்' என்பார்களே, அந்தப் பத்து நாட்களும் எனக்கு அப்படித்தான் கழிந்தன. பதினொன்றாம் நாள் மருத்துவர் அறிக்கையைப் படித்துச் சொன்னார்: "ஹீமாஞ்சியோமா. இரத்தக் குழாய்க் கட்டி. புற்று இல்லை. வெட்டின ஓரங்களும் சுத்தமா இருக்கு. பாப் சோதனையிலேயும் குறை ஒண்ணும் இல்லை."

லாத்தா அங்கேயே சுவரோரம் நின்று துஆ செய்தார். எனக்கு மட்டும் அழுகை வரவில்லை. சாச்சியின் நினைவுதான் வந்தது.

அந்தக் கட்டி என்ன?

குழந்தைகள் சிலருக்கு நெற்றியிலோ கன்னத்திலோ செம்புற்றுப்பழம் போலச் சிவந்து புடைத்த மறு இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது நுண்ணிய இரத்தக் குழாய்கள் அளவுக்கு மீறிப் பெருகிக் கூடியதால் உண்டாவது. பெரியவர்களின் ஈரலிலும் இத்தகைய இரத்தக் குழாய்க் கட்டி காணப்படும். ஈரலில் வரும் தீங்கற்ற கட்டிகளில் அதுவே மிகுதியானது. அதே இனத்தைச் சேர்ந்த கட்டி மிக மிக அரிதாகக் கர்ப்பப்பை வாயிலும் தோன்றுகிறது. நுண்ணிய குழாய்கள் நெருங்கிக் கூடியது ஒரு வகை. குழாய்கள் அகன்று, குகைகளைப் போல இரத்தம் தேங்கி நிற்பது மற்றொரு வகை. எனக்கு வந்தது இந்த இரண்டாம் வகை.

பலருக்கு இது எந்தத் தொல்லையும் தராது. வேறு காரணத்துக்காக எடுக்கப்பட்ட கர்ப்பப்பையை ஆராயும்போது தற்செயலாகக் கண்டுபிடிக்கப்படுவதும் உண்டு. சிலருக்கு உறவுக்குப் பின்னும் மாதவிலக்குகளுக்கு நடுவிலும் இரத்தம் வரும். சிலருக்குக் கர்ப்ப காலத்தில் பெரிதாகலாம். தொல்லை தராத சிறு கட்டியை அப்படியே விட்டுக் கண்காணிக்கலாம். இரத்தம் வந்தால் வெட்டியோ, குளிரூட்டி உறைய வைத்தோ, லேசர் கதிரால் சுட்டோ அகற்றலாம். கர்ப்பப்பையை எடுப்பது கடைசி வழி. எதைத் தேர்வதென்பது கட்டியின் அளவையும் ஆழத்தையும், அந்தப் பெண்ணின் வயதையும் விருப்பத்தையும் பொறுத்தது.

கேட்கத் தயங்காத பெண்கள்

நலம் அடைந்த பிறகு ஒரு கவலை என்னைப் பற்றிக் கொண்டது. அந்த ஏழு மாதங்களில் இரத்தம் கண்ட நாட்களிலெல்லாம் மாதவிலக்கு என்று எண்ணித் தொழுகையை விட்டிருந்தேன். எங்கள் ஊர் மகளிர் மதரஸாவின் ஆலிமாவிடம் சென்று கேட்டேன். அவர் நாட்களை ஒவ்வொன்றாகக் கேட்டுக் குறித்துக் கொண்டு விளக்கினார். மாதவிலக்குக்கு மேல் எல்லை உண்டு. ஷாபிஈ மத்ஹபில் அது 15 நாட்கள், ஹனபி மத்ஹபில் 10 நாட்கள். அந்த எல்லைக்குள் அடங்காத, நோயால் வரும் இரத்தத்துக்கு இஸ்திஹாளா என்று பெயர். அது தொழுகையையும் நோன்பையும் தடுக்காது. சுத்தம் செய்து, துணி கட்டிக் கொண்டு, ஒவ்வொரு பர்ளான தொழுகைக்கும் உளூச் செய்து தொழ வேண்டும். (நாட்களின் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் கணக்கை உங்கள் ஊர் ஆலிம்களிடம் கேட்டுக் கொள்ளுங்கள்.)

அப்போது அவர் ஒரு செய்தியை நினைவூட்டினார். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்ற பெண்மணி நபி (ஸல்) அவர்களிடம் வந்து, தமக்கு இரத்தம் நிற்காமல் வருவதைச் சொல்லி, தொழுகையை விட்டுவிடலாமா என்று கேட்டார்கள். வேண்டாம், அது மாதவிலக்கு அன்று, ஒரு குழாயிலிருந்து வருவது என்ற கருத்தில் நபியவர்கள் விடையளித்து, வழக்கமான நாட்களில் மட்டும் விட்டுவிட்டு, பின்னர்க் குளித்துத் தொழும்படி சொன்னார்கள். அந்த உரையாடலை நமக்கு அறிவித்தவர்கள் அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள்.

அந்த இரத்தம் என் நோயால் வந்தது போன்றதே என்று நான் சொல்ல வரவில்லை. எனக்குப் பட்டது வேறு. அந்தப் பெண்மணி கேட்டார்கள். தம் உடலில் நிகழ்ந்ததை, அல்லாஹ்வின் தூதரிடமே, தயங்காமல் கேட்டார்கள். கேட்டதற்காக அவர்களை யாரும் கடிந்து கொள்ளவில்லை. தெளிவான விடை கிடைத்தது. 'நாணம்' என்ற பெயரால் நானும் சாச்சியும் கட்டிக் காத்தது எதை? கூடப் பிறந்த சகோதரியிடமும், கைப்பிடித்த கணவரிடமும், பெண் மருத்துவரிடமும் சொல்லக் கூடாது என்று எந்த நாணம் நமக்குக் கற்பித்தது?

ஆலிமாவின் கணக்குப்படி நான் வீணாக விட்ட நாட்கள் 61, வக்துகள் 305. ஒவ்வொரு வக்திலும் ஒரு கழா என்று சேர்த்துத் தொழுது, 61 நாட்களில் நிறைவு செய்தேன்.

என் கதையைத் தவறாகப் படிக்காதீர்கள்

இந்த இடத்தில் உங்கள் கையைப் பிடித்துக் கொண்டு ஒன்று சொல்ல விழைகின்றேன். 'இவளுக்குச் சாதாரணக் கட்டியாகத்தானே முடிந்தது, நமக்கும் அப்படித்தான் இருக்கும்' என்று யாரும் இந்தக் கட்டுரையை மடித்து வைத்துவிட வேண்டாம். எனக்கு வந்தது அபூர்வமானது. சாச்சிக்கு வந்தது அபூர்வமானதன்று. உறவுக்குப் பின் இரத்தம் வருவதற்கு அழற்சி, சதை வளர்ச்சி என்று எளிதில் தீரும் காரணங்கள் பல உண்டு. ஆனால், காரணம் எளியதா கொடியதா என்பதை வீட்டில் உட்கார்ந்து கொண்டு எந்தப் பெண்ணும் அறிய முடியாது. எனக்கு ஏழு மாதத் தாமதத்தின் விலை இரத்தச் சோகையும் கணவரின் கண்ணீரும். நோய் வேறாக இருந்திருந்தால் விலையும் வேறாக இருந்திருக்கும்.

மாதவிலக்குகளுக்கு நடுவே இரத்தம், உறவுக்குப் பின் இரத்தம், துர்நாற்றமுள்ள வெள்ளைப்பாடு, மாதவிலக்கு அடியோடு நின்ற பிறகு ஒரே ஒரு துளி இரத்தம் ஆகிய இவற்றில் எது கண்டாலும் அந்த வாரமே மருத்துவரிடம் செல்லுங்கள். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேளுங்கள். துணைக்கு ஒருவரை உள்ளே அழைத்துக் கொள்ளுங்கள்.

எந்தத் தொல்லையும் இல்லாதவர்களும் 30 வயதுக்கு மேல் சோதித்துக் கொள்வது அவசியம். கர்ப்பப்பை வாய்ப் புற்று, ஹெச்.பி.வி. என்னும் கிருமியால் வருவது. அது ஒரே நாளில் வருவதன்று. மாற்றங்கள் தோன்றிப் புற்றாக முதிரப் பெரும்பாலும் பல ஆண்டுகள் ஆகும். அந்த இடைவெளியில் கண்டுபிடித்தால் முளையிலேயே கிள்ளிவிடலாம். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை, அதாவது நம் அடுக்களை வினிகரைப் போன்ற ஒன்றை, அந்த இடத்தில் தடவி நிறம் மாறுகிறதா என்று பார்க்கும் எளிய சோதனை ஒன்று உண்டு. நம் திண்டுக்கல் மாவட்டத்தில் 30 முதல் 59 வயது வரையிலான பெண்களிடையே பயிற்சி பெற்ற செவிலியர்களைக் கொண்டு இச்சோதனையைச் செய்து பார்த்தார்கள். சோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் நேர்ந்த மரணம் 35 சதவீதம் குறைந்தது என்று 2007-ஆம் ஆண்டு லான்செட் மருத்துவ ஏட்டில் அந்த ஆய்வு வெளியாயிற்று. சில நிமிடங்களில் முடியும் சோதனை அது. சாச்சிக்கு ஒரு முறை அது வாய்த்திருந்தால், என்று இன்றும் எண்ணிக் கொள்கின்றேன்.

பெண் மக்களைப் பெற்றவர்களே! இக்கிருமியைத் தடுக்கும் ஊசியை 9 முதல் 14 வயதுக்குள் போடுவது சிறந்தது என உலகச் சுகாதார நிறுவனம் கூறுகின்றது. உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள்.

கணவன்மார்களுக்கும் ஒரு சொல். உங்கள் மனைவி விலகுவது போலத் தோன்றினால், வெறுப்பு என்று முடிவு கட்டும் முன், "உடம்புக்கு என்ன?" என்று ஒரு முறை கேளுங்கள். கேட்கிறவர் ஒருவர் இருந்தால் சொல்வதற்கு வாய் திறக்கும்.

அறுவைக்குப் பின் மருத்துவர் குறித்துக் கொடுத்த நாட்களிலெல்லாம் தவறாமல் சென்று காட்டி வருகின்றேன். இன்றுவரை அந்த முடிச்சு மீண்டும் வரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். 2024-ஆம் ஆண்டு ரமலானில் தைக்காவில் லாத்தாவின் பக்கத்தில் என் இடத்தில் நின்றேன். மாதவிலக்கு நாட்கள் நீங்கலாக ஓர் இரவும் தவறவில்லை. மகளும் எங்களோடு நின்றாள். தொழுது திரும்பும் வழியில் அவளிடம் சாச்சியின் கதையையும் என் கதையையும் முழுமையாகச் சொன்னேன். எங்கள் குடும்பத்தில் இந்தப் பேச்சு அடுத்த தலைமுறைக்கு மறைவாகப் போகக் கூடாது.

சகோதரிகளே! இன்று இரவு உங்கள் மகளிடமோ, சகோதரியிடமோ, மாமியாரிடமோ ஒரு கேள்வி கேளுங்கள்: "உனக்கு ஏதும் தொந்தரவு இருக்கா?" அந்தக் கேள்விக்காக யாரேனும் ஏழு மாதங்களாகக் காத்திருக்கக் கூடும்.

வல்ல இறைவன் நம் அனைவருக்கும் நலத்தையும், உள்ளதைச் சொல்லும் துணிவையும் தருவானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.